வீட்டு சர்வர் படுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

எங்கள் தெரு வழியாக வைக்கோல் டிராக்டர் போனால் என் சர்வர் போய்விடும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வருடம் தவறாமல் இது உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் உயரம் வைக்கோலை அடுக்கிக்கொண்டு வரும் டிராக்டர், தெருக் குறுக்கே தொய்ந்து கிடக்கும் ஃபைபர் கேபிளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் வருடம் அது தெரியாமல் இரண்டு ராத்திரி கண்விழித்து சர்வரின் செட்டிங் அத்தனையையும் மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஃபைபர்காரர் வந்து கேபிளை ஒட்டிவிட்டுப் போனார். லைன் வந்தது, சர்வர் வரவில்லை. நான் மாற்றி வைத்ததையெல்லாம் பழையபடி திருப்ப இன்னும் இரண்டு ராத்திரி ஆனது.

கஜா புயலுக்கு மறு வருடம், 2019இல், நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டில் சர்வர் வைத்தேன். சர்வர் என்றால் எப்போதும் ஓடிக்கொண்டிருந்து, கேட்கிற சாதனங்களுக்குக் கோப்பையும் தளத்தையும் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். முதலில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், இப்போது ஒரு பழைய லேப்டாப். குடும்பப் புகைப்படங்கள், அப்பாவின் நிலப் பத்திர நகல்கள், தோப்பு கேமராப் பதிவு, ஒரு சின்ன வலைத்தளம் எல்லாம் அதில்தான். பார்த்தவர்கள் கேட்டதால் மன்னார்குடி, வலங்கைமான், கும்பகோணம் பக்கம் இன்னும் நாலைந்து வீடுகளில் வைத்துக் கொடுத்தேன். அதனால் ஃபோனும் எனக்குத்தான் வரும். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான், ஆகவே அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில், காசு கேட்கிற காரணம் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி. கரண்ட், கேபிள், ஐபி முகவரி (நெட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண்) மூன்றையும் பார்த்து முடிக்கிற வரை சர்வருக்குள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். தானாக அப்டேட் ஆகும்படி விட்டிருந்தால் ஒழிய, நேற்று ஓடிய செட்டிங் இன்று கெடுவதில்லை.

## எந்த அறிகுறி என்று பிரிப்பது

கையில் ஃபோனை எடுங்கள். வைஃபையில் இருந்தபடியே சர்வரின் உள் முகவரியைத் திறந்து பாருங்கள், 192.168.1.50 என்பது போல இருக்கும். அடுத்து வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தின் பெயரைத் திறந்து பாருங்கள். வைஃபையை அணைக்க மறந்துவிட்டு "வெளியிலிருந்தும் பார்த்துட்டேன் அண்ணே" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இரண்டும் திறக்கவில்லை என்றால் அறிகுறி 1. உள்ளே சரி, வெளியே இல்லை என்றால் 2. வெளியே சரி, வீட்டில் மட்டும் பெயர் திறக்கவில்லை என்றால் 3. கரண்டோடு சேர்ந்து போய்ப் போய் வந்தால் 4. திறந்து பாதியில் நின்றால், மெதுவாக வந்தால் 5. 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வந்தால் 6. மெயில் மட்டும் போகவில்லை என்றால் 7. நேற்று இடி இடித்தது என்றால் நேராக 8.

## அறிகுறி 1: எங்கிருந்தும் திறக்கவில்லை

பெட்டியில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அதே பிளக்கில் ஃபோன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாற்றிப் பாருங்கள். வலங்கைமானில் ஒரு வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் சித்தெறும்பு ரவுட்டருக்குள் மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. மழைக்காலத்தில் அது சூடான இடம் தேடும், ரவுட்டரைவிட வசதியான இடம் அதற்கு வீட்டில் இல்லை.

விளக்கு எரிகிறது, ஆனால் உள் முகவரி திறக்கவில்லை என்றால், முகவரி மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழும்போது சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிடும். நேற்று 50, இன்று 53. பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். சர்வர் வேறு எண்ணில் அங்கே உட்கார்ந்திருந்தால் பழுதே இல்லை. அதே பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒரு வசதி இருக்கும். சர்வரின் மேக் முகவரிக்கு, அதாவது அதன் லேன் கருவியின் அடையாள எண்ணுக்கு, ஒரு ஐபி எண்ணை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். இதை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு வந்த ஃபோன்களில் பாதி வந்திருக்காது.

பட்டியலிலேயே இல்லை என்றால் லேன் கேபிள். இரண்டு முனையிலும் சின்ன விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கழற்றி மாட்டுங்கள், ரவுட்டரில் வேறு ஓட்டையில் மாட்டுங்கள், பிறகு கேபிளையே மாற்றுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் முனையின் செம்புக் கம்பிகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். அதைச் சுரண்டி உபயோகமில்லை, முனையை வெட்டிப் புது முனை அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடையில் கையோடு செய்து கொடுத்துவிடுவார்கள்.

பட்டியலில் இருக்கிறது, எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை எழுதி சர்வரை இயக்கும் வழி) உள்ளே போகவும் முடிகிறது, தளம் மட்டும் பிழை காட்டுகிறதா? டிஎஃப் (df) என்ற கட்டளை போட்டு டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். கேமராப் பதிவும், சர்வர் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளும் சத்தமில்லாமல் இடத்தைத் தின்றுவிடும். நூறு சதவீதம் என்று காட்டினால் பழைய பதிவுகளை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

உள்ளேயே போக முடியவில்லை என்றால் டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகித் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பையில் பாதி தூரம் எழுந்து பிழை வரிகளோடு நின்றால், அல்லது எதை எழுதினாலும் 'ரீட் ஒன்லி' என்று சொன்னால், எஸ்டி கார்டு போய்க்கொண்டிருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு கார்டை மாற்றுங்கள். அடுத்த முறையும் கார்டே வாங்காதீர்கள். பை 4, பை 5 இரண்டும் யுஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்தே எழும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கொடுத்தால் அந்த நிமிடமே அணையுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போட்டுப் பார்க்கப் பார்க்க உள்ளே தட்டு கீறிக்கொண்டே போகும். அதில் இருப்பது வேண்டுமென்றால் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள், வேண்டாமென்றால் தூக்கிப் போடுங்கள்.

## அறிகுறி 2: வீட்டுக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை

அதிகமாக வரும் ஃபோன் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் தோப்பு கேமராவை என் சர்வர் வழியாகத்தான் பார்க்கிறான். "மாமா, தோப்பு தெரியல" என்று செய்தி வரும். "உனக்கு மட்டும் தெரியலையா, யாருக்குமே தெரியலையா?" என்றுதான் முதலில் கேட்பேன். அவன் ஆபீஸ் நெட்டே தடுத்துவைத்த நாட்களும் உண்டு.

### லைன் இருக்கிறதா

ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் வெளிச்சம் வீடு வரை வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெளியே வந்து கம்பம் வரை கண்ணால் தொடருங்கள். தென்னை மட்டை விழுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், அறுவடை மெஷின் ஏற்றிய லாரி போயிருக்கலாம். திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில் தேரோடும் வீதிகளில் கரண்டை நிறுத்துவது உண்டு. அந்த மாதிரித் தேர் நாளில் அந்தப் பக்கம் சர்வர் படுத்தால் காரணம் தேடவே வேண்டாம், தேர் நிலைக்கு வரட்டும்.

லாஸ் அணைந்து, பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் நெட் இல்லை என்றால், கோளாறு உங்கள் தெருவுக்கு அப்பால். ஆளைக் கூப்பிடும்போது "நெட் வரல" என்று சொல்லாதீர்கள். "லாஸ் சிவப்பு", அல்லது "பான் பச்சை, நெட் இல்லை" என்று சொல்லுங்கள். வருகிறவர் எந்தக் கருவியை எடுத்துவருவது என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. சிவப்பு என்றால் கேபிள் ஒட்டும் மெஷின் வேண்டும். அது இல்லாமல் வந்தால் பார்த்துவிட்டு "நாளைக்கு வர்றேன் சார்" என்று போய்விடுவார்.

விட்டுவிட்டு வருகிறது என்றால் ரவுட்டர் பக்கத்தில் ஆப்டிக்கல் பவர் என்ற எண்ணைப் பாருங்கள், ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவு அது. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டினால் எங்கோ ஒட்டு சரியில்லை, அல்லது கம்பி மடங்கியிருக்கிறது. அந்த எண்ணைப் படம் எடுத்து ஃபைபர்காரருக்கு அனுப்புங்கள். கழற்றிய ஃபைபர் முனையை மட்டும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

### வெளி ஐபி மாறிவிட்டதா

ரவுட்டர் அணைந்து எழுந்தால் வெளி முகவரியும் மாறலாம். தளத்தின் பெயர் பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருக்கும். பெயரை பிங் செய்து என்ன எண் வருகிறது என்று பாருங்கள், பிறகு 'என் ஐபி என்ன' என்று தேடி ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் பெயரைப் புது ஐபிக்கு மாற்றிவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் நிரல் நின்றுபோயிருக்கிறது. அதைக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள், பத்து நிமிடம் பொறுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி கிரான் என்ற நேர அட்டவணையில் போட்டுவிட்டால் மறந்துவிடலாம்.

### இரண்டு ரவுட்டர், ஒன்றுக்குப் பின் ஒன்று

நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி கூடத்தில் இருக்கும். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒரு ரவுட்டர் வாங்கி அதில் சொருகியிருப்பீர்கள், சர்வர் அதில் இருக்கும். நீங்கள் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட் எண்ணுக்கு வருவதை சர்வருக்கு அனுப்பும் செட்டிங்) போட்டது இரண்டாவது ரவுட்டரில், வெளியிலிருந்து வருவது வந்து நிற்பதோ முதல் பெட்டியில். இரண்டாவதை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிவிட்டால் முடிந்தது. அல்லது முதல் பெட்டியை, லைனை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் சில இடங்களில் கம்பெனி ஆளிடம்தான் இருக்கும்.

### சிஜிநாட்

இதைத் தெரியாமல் வாரக்கணக்கில் போர்ட் ஃபார்வேர்டிங்கோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். தெரு முழுவதற்கும் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு இது. உங்கள் வீட்டுக்கென்று தனிக் கதவு எண் கிடையாது, வெளியிலிருந்து தட்டுகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் (WAN) ஐபி என்று ஒரு எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சிஜிநாட்தான். 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினாலும், 'என் ஐபி என்ன' காட்டும் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே கதை. ஒன்று கவனம்: சர்வரில் டெய்ல்ஸ்கேல் (உங்கள் சாதனங்களை மட்டும் தனி வழியில் இணைக்கும் விபிஎன் நிரல்) போட்டிருந்தால் அதுவும் 100இல் தொடங்கும் எண்ணைத்தான் கொடுக்கும். அதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள், ரவுட்டர் பக்கத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள்.

சிஜிநாட் என்று உறுதியானால் ரவுட்டரில் இனி எதைத் திருகியும் பயனில்லை. மூன்று வழிதான்.

செலவில்லாதது, வீட்டு ஆட்கள் மட்டும் பயன்படுத்துவதென்றால், டெய்ல்ஸ்கேல் போல ஒன்றை சர்வரிலும் அவரவர் ஃபோனிலும் போட்டுவிடுவது. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஊர் உலகத்துக்குக் கதவைத் திறக்கவே வேண்டியதில்லை என்பதால் ராத்திரி தூக்கமும் வரும். பொதுவில் எல்லோரும் பார்க்கும் தளம் என்றால் கிளவுட்ஃப்ளேர் டனல், அதாவது சர்வரே வெளியே போய் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தோடு இணைந்து, அதன் வழியாகத் தளத்தைக் காட்டும் ஏற்பாடு. அதன் இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. "சின்னப் படமெல்லாம் ஏறுது, கல்யாண வீடியோ மட்டும் ஏற மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

இரண்டாவது ஐபிவி6, ஐபி முகவரியின் புதிய வகை. இணைப்பில் அது வந்தால் சர்வருக்கே சொந்த வெளி முகவரி கிடைக்கும், போர்ட் ஃபார்வேர்டிங் வேண்டாம். ஆனால் பெட்டியின் ஃபயர்வால் உள்ளே வருவதைத் தடுத்துவைத்திருக்கும், அதில் வழி திறக்க வேண்டும். இன்னொன்று, பார்க்கிறவர் பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இருக்கும், பல ஆபீஸ்களில் இருக்காது. அங்கே சரி, இங்கே இல்லை என்று குழப்பம் வரும்.

மூன்றாவது, கம்பெனியிடம் நிரந்தர ஐபி கேட்டு மாதாமாதம் பணம் கட்டுவது. வீட்டுத் திட்டத்தில் சர்வர் வைக்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மெயில் சர்வர் பைத்தியம் பிடித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தேவைப்படாது என்பது என் எண்ணம்.

### அப்போதும் வரவில்லை

யார் வந்தார்கள் என்று வெப் சர்வர் குறித்துவைக்கும் ஆக்சஸ் லாக்கைத் திரையில் ஓடவிட்டு, மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறங்கள். லாக்கில் புதிய வரி விழுந்தால் வாசல் வரை வந்துவிட்டார்கள், கோளாறு சர்வருக்குள். வரி விழவில்லை என்றால் கோளாறு சர்வருக்கு வெளியே. சர்வரின் ஃபயர்வாலை ஒருமுறை பார்த்துவிட்டு, தளங்களுக்கு வழக்கமான 80, 443 போர்ட்டுகளுக்குப் பதிலாக 8443இல் முயன்று பாருங்கள். அதில் வந்தால், அந்த எண்களைக் கம்பெனி மூடியிருக்கிறது, அல்லது ரவுட்டரே தன் சொந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

## அறிகுறி 3: வெளியில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் மட்டும் பெயர் திறக்கவில்லை

பழுதே அல்ல. உள்ளேயிருந்து கிளம்பி வெளி ஐபியைத் தொட்டு மறுபடி உள்ளே வர மலிவான ரவுட்டர்களுக்குத் தெரியாது. ரவுட்டரில் நாட் லூப்பேக் என்று இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் பெயரை ஐபியாக மாற்றித் தரும் வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள் முகவரியையே எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 4: கரண்டோடு போகிறது

### கரண்ட் வந்தபிறகும் எழவில்லை

டெஸ்க்டாப் என்றால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்போதே நுழையும் செட்டிங் திரை) போய், மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி வைக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை தானாக எழுந்துவிடும், ஆனால் நெட் வருவதற்கு முன் சர்வர் எழுந்து, பெயரைப் புதுப்பிக்க முடியாமல் சோர்ந்து உட்கார்ந்துவிடுவது உண்டு. எழுந்து ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி தொடங்கும்படி எழுதிவிட்டேன், தொல்லை விட்டது.

### இன்வெர்ட்டர் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறது

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் புத்தம் புது இன்வெர்ட்டர். கரண்ட் போகும்போது ஃபேன்கூட நிற்காது, ஆனால் சர்வர் மட்டும் ஒவ்வொரு தடவையும் அணைந்து எழும். "சார், உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்று என்னிடமே சொன்னார். இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைத் திருப்பினால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச். எக்கோ பக்கம் தள்ளியிருந்தது. அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினேன், அவ்வளவுதான். எக்கோவில் பேட்டரிக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். மாடலுக்கு மாடல் பெயர் வேறாக இருக்கும், நார்மல் என்றும் எழுதியிருப்பார்கள்.

### வீட்டில் எல்லாம் ஓடுகிறது, நெட் மட்டும் கரண்டோடு போகிறது

முதலில் ஃபைபர் பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் சர்வர் இருக்கும், பெட்டி இருக்காது. தனி லைன் இழுக்க முடியாவிட்டால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் போதும். பெட்டி அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அதுவும் ஒத்துப்போக வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட்.

பெட்டி எரிந்துகொண்டிருந்தும் லாஸ் சிவப்பானால், கேபிள்காரர் பக்கத்துக் கருவிக்குப் பேட்டரி இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலை 9 மணிக்குப் போய் மதியம் வருவது இதனால்தான். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. அவசரத் தேவை உள்ளவர்கள் ஒரு மொபைல் டேட்டா டாங்கிளை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம். சிஜிநாட்டுக்காக டனல் போட்டவர்களுக்கு அதிலும் அதே பெயரிலேயே திறக்கும்.

### கரண்ட் போகவே இல்லை, ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் ரீஸ்டார்ட்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டும். தண்ணீர் தாமதமாகும் வருடங்களில் குறுவைக்குப் போர்வெல்தான். மும்முனை மின்சாரம் விட்டதும் சுற்றுவட்டார மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் எழும், அந்த நொடியில் வீட்டு விளக்கு மங்கும். மல்ட்டிமீட்டரால் பிளக்கில் அளந்து பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170, 180 காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

செலவு வரிசை இப்படி. முதலில் அடாப்டர். ராஸ்பெர்ரி பைக்கு ஃபோன் சார்ஜரைப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு அதற்கென்று உள்ள அடாப்டரைப் போடுங்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே பை முனக ஆரம்பிக்கும், டிவியில் மாட்டினால் மூலையில் மின்னல் படம் காட்டும். அடுத்து யுபிஎஸ். அதற்கும் அடுத்து வீடு முழுவதற்கும் ஸ்டெபிலைசர்.

என் யோசனை வேறு. பழைய லேப்டாப்தான் டெல்டாவுக்கு ஏற்ற சர்வர். பேட்டரி உள்ளேயே இருக்கிறது, ஒரு மணி நேரம் தாங்கினால் போதும். மூடியை மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் அன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரு அறையில் விளக்கு கண் கூசும்படி எரிந்து இன்னொரு அறையில் மங்கினால், சர்வரை மறந்துவிட்டு முதலில் மெயினை அணையுங்கள். நியூட்ரல் அறுந்திருக்கிறது, வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும். வயர்மேனைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. இதை நீங்களே கம்பத்தில் ஏறிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி 5: திறக்கிறது, ஆனால் மெதுவாக, அல்லது பாதியில் நிற்கிறது

வெளியிலிருந்து மெதுவாக இருந்தால் கணக்கைச் சரிபாருங்கள். வெளியிலிருப்பவர் இறக்குவது உங்கள் வீட்டுக்கு ஏற்றும் வேகம். 40 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் நொடிக்கு 5 எம்பிதான். அது வந்துகொண்டிருந்தால் பழுது இல்லை.

வீட்டுக்குள்ளேயே மெதுவாக, அதுவும் சரியாக நொடிக்கு 11, 12 எம்பியில் நின்றால், லேன் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி போயிருக்கிறது. ஆயிரத்துக்குப் பதில் நூறில் ஓடுகிறது. கேபிளை மாற்றுங்கள். சர்வரை வைஃபையில் வைத்திருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம், கேபிளுக்கு வாருங்கள்.

மதியம் மட்டும் மெதுவாகிறது என்றால் சூடு. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்த ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தொடும், தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கீழே இறக்கிக் காற்றோட்டமாக வையுங்கள்.

எழுத்து மட்டும் உள்ள பக்கம் பளிச்சென்று வருகிறது, படங்கள் உள்ள பக்கம் பாதியில் தொங்குகிறது, விபிஎன் வழியாக வந்தால் மட்டும் இப்படி என்றால், அது எம்டியு, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு. பெரிய பொட்டலம் வழியில் எங்கோ நுழையவில்லை. வயர்கார்டு என்ற விபிஎன்னில் எம்டியு வழக்கமாக 1420 இருக்கும். அதை 1280க்கு இறக்கிப் பாருங்கள். சரியானால் அப்படியே விட்டுவிடலாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் விபிஎன் இணைப்பு செத்துப்போகிறது என்றால் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 என்று போடுங்கள்.

எதுவும் இல்லை, ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்றால் லாகின் பதிவைப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட்டை வெளியே திறந்து வைத்திருந்தால் உலகெங்கிலுமிருந்து கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மூடுங்கள், அல்லது கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு சாவிக் கோப்பு மட்டும் என்று வையுங்கள். அறியாத யாரோ உள்ளே வந்த தடம் இருந்தால் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள். கேபிளைப் பிடுங்கி, தகவலை மட்டும் நகலெடுத்து, புதிதாக நிறுவுங்கள்.

## அறிகுறி 6: 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை

முதலில் சர்வரில் நேரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பை 4 வரைக்கும் உள்ளே கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் எழும்போது நெட் இல்லையென்றால் பழைய தேதியிலேயே நின்றுவிடும். தேதி தப்பென்றால், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழின் சரிபார்ப்பு எல்லாமே தப்பாகத் தெரியும். நெட் வந்து நேரம் சரியானதும் தானாகவே தீரும்.

நேரம் சரி என்றால் சான்றிதழ் காலாவதி. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகக் கொடுப்பது 90 நாள் சான்றிதழ். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று மெயில் அனுப்புவார்கள், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் 80ஆம் போர்ட் வெளியிலிருந்து எட்டாததுதான். சிஜிநாட்டில் இருப்பவர்கள் டிஎன்எஸ் வழியாகச் சரிபார்க்கும் முறைக்கு மாறிவிடுங்கள், போர்ட்டே வேண்டாம்.

## அறிகுறி 7: மெயில் போகவில்லை

வீட்டிலிருந்து மெயில் அனுப்பாதீர்கள். 25ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள். மூடாவிட்டாலும் வீட்டு ஐபி என்றாலே பெரிய மெயில் நிறுவனங்கள் ஸ்பாமில் தள்ளும். அறிவிப்பு மெயில் மட்டும் வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள உங்கள் மெயில் கணக்கின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) வழியாக, 587ஆம் போர்ட்டில் அனுப்பச் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் போராடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

## அறிகுறி 8: இடி இடித்த மறுநாள்

பெட்டி எரிகிறது, வைஃபை வருகிறது, ஆனால் லேன் மட்டும் இல்லை. இடிக்குப் பிறகு நான் அதிகம் பார்த்தது இதுதான். சர்வரின் கேபிளை ரவுட்டரின் நான்கு ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் சொருகுங்கள். ஒன்றில் விளக்கு வந்தால் மீதி போயிருக்கின்றன, பிழைத்த ஒன்றில் ஓட்டிக்கொள்ளலாம். எதிலும் இல்லை என்றால் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் சொருகிப் பார்த்தால் போனது ரவுட்டரா, சர்வரா என்று தெரிந்துவிடும். சர்வர் பக்கம் போயிருந்தால் யுஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் ஒன்று போதும், மதர்போர்டை மாற்ற வேண்டாம். கருகிய வாடை வந்தால் எதையும் மறுபடி ஆன் செய்யாதீர்கள்.

ஃபைபரில் கண்ணாடி இழைதான், மின்சாரம் வராது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கம்பத்திலிருந்து வரும் கேபிளைத் தாங்க அதோடு ஒரு இரும்புக் கம்பியும் ஓடும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், பெட்டி வரை கொண்டுவர விடாதீர்கள். மாடியில் இருக்கும் கேமராவுக்கு இழுத்த செம்பு லேன் கேபிள் அதைவிட மோசம், இடியை நேராக ரவுட்டருக்கு அழைத்துவரும்.

இதே சேதம் ஒரே வருடத்தில் இரண்டு முறை வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் பைப்பே இருக்காது, இருந்தாலும் கோடையில் மண் காய்ந்து வேலை செய்யாது. எங்கள் வீட்டில் புதிதாகக் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் அடித்தார்கள். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் வேலை. துளசி மாடத்துக்கு ஊற்றிவிட்டு மீதியை அதற்கு ஊற்றிவிடுவார்.

ஐப்பசி பிறந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் வட்டாரத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ஓட்டு வீடுகளுக்குள் மழை இறங்கியது. அப்போது என்னிடம் சர்வர் இல்லை, பெட்டி நிறைய ஆல்பம் இருந்தது. பாதி ஒட்டிப்போய்விட்டது. அதனால் புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, திருச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். பிறகு சர்வரை முறையாக அணைத்து, கரண்ட் பிளக், லேன் கேபிள், ஃபைபர் பெட்டி அடாப்டர் மூன்றையும் கழற்றி, சர்வரைப் பாலித்தீன் பையில் சுற்றி நெல் குதிர் மேல் வைத்துவிடுவேன்.